"குடுங்க பாட்டி, நான் செஞ்சி தாறேன்": தோட்ட வரலாற்றை இணையத்தில் ஏற்றப் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பழைய படங்களை உள்ளூர் வரலாற்றுத் தளத்தில் ஏற்றக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். உதவிக்கு உட்காரும் இளையோர் செய்யும் முதல் தவறு, கைப்பேசியைத் தங்கள் கைக்கு வாங்கிக்கொள்வது. வேலை அன்றே முடிந்துவிடும். மறுவாரம் அதே பாட்டி அதே கேள்வியோடு வருவார். விரல் அவருடையதாகவே இருக்கட்டும். தப்பான பொத்தானைத் தட்டிவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்பதை முதலில் காட்டுங்கள். அந்தப் பயம் போனால் பாதி வேலை முடிந்தது.

படங்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வாங்கி அப்படியே ஏற்றாதீர்கள். புலனம் படத்தைச் சுருக்கும், எடுத்த தேதி போன்ற விவரங்களை உதிர்த்துவிடும். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நிற்பவர்களின் முகங்கள், பெரிதாக்கினால் கலங்கிப்போகும். வேறு வழியில்லை என்றால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பென்சிலில் எழுதிய பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

அதிகம் கெட்டுப்போவது தேதிதான். "அம்பத்தஞ்சு வாக்குல இருக்கும்" என்று பாட்டி சொல்வார், படிவம் நாளும் மாதமும் கேட்கும், நாம் 1.1.1955 என்று போட்டுவிடுவோம். பின்னால் பார்ப்பவர் அதைப் புத்தாண்டுப் படம் என்று நம்புவார். இதில் குற்றம் படிவத்தின் மேல்தான் என்பேன். ஆண்டை மட்டும் ஏற்கும்படி மாற்றச் சொல்லித் தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதுவரை விளக்கத்தில் 'சுமார் 1955' என்று எழுதுங்கள். ஆண்டே நினைவில்லாதவரிடம் ஆண்டைக் கேட்டுப் பயனில்லை. ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னா பின்னா, அவசரகாலத்தில் லயத்தை (தொழிலாளர் வீட்டு வரிசையை) சுற்றிக் கம்பிவேலி போட்டபோதா என்று கேளுங்கள். 1948 ஜூன் 16 அன்று மூன்று தோட்டத் துரைகள் (வெள்ளைக்கார நிர்வாகிகள்) கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். அந்தக் காலத்தை இங்குள்ள குடும்பங்கள் சுலபத்தில் மறப்பதில்லை. ஜப்பானிய ஆட்சிக் காலத் தாள்களில் 2603 என்று ஆண்டு இருந்தால் அச்சுப்பிழை என்று 1963 ஆக்கிவிடாதீர்கள். அது ஜப்பானியக் கணக்கு. 660-ஐக் கழித்தால் 1943.

இடத்தில் வெறும் 'சுங்கை சிப்புட்' என்று போட்டால் போதாது, மலாக்காவிலும் ஓர் ஊர் அதே பெயரில் உண்டு. பேராக் என்று சேர்த்துவிடுங்கள். தோட்டத்துக்கு நிறுவனம் வைத்த பெயரோடு, கட்டைக் (மைல்) கணக்கிலோ பழைய துரையின் பெயரிலோ நம் சனங்கள் கூப்பிட்ட பெயரும் வேண்டும். பேரப்பிள்ளைகள் தேடுவது அதைத்தான்.

பழைய பள்ளி மலர்க் கோப்பிலிருந்து ஒட்டிய எழுத்து கிறுக்கலாகத் தெரிந்தால் கணினி கெடவில்லை. அது யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்திய எழுத்துரு. யுனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள்.

அடையாள அட்டையைப் பெருமையோடு ஏற்றுவோர் உண்டு. எண்ணை மறைக்காமல் விடாதீர்கள். இப்போதைய 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி. அதே எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பவர்களை என்ன சொல்வது!

உதவி கேட்கும்போது "போகமாட்டேங்குது" என்று மட்டும் எழுதாதீர்கள். திரையைப் படம் பிடித்து, எந்தக் கைப்பேசி, எத்தனை மணிக்கு, எதைத் தட்டியபோது என்று சேர்த்து அனுப்புங்கள். பாட்டியின் கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.