கொழும்பில் இரண்டு நாள்: எங்கே, எந்த நேரத்தில்

எங்கள் வீடு வெள்ளவத்தையில். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ விசா அலுவலாக, கலியாணவீட்டுக்காக வருகிற சொந்தக்காரர்கள் பெரும்பாலும் எங்களிடம்தான் தங்குவார்கள். வந்த வேலை முடிந்ததும், "இன்னும் ரெண்டு நாள் கிடக்கு பிள்ளை, எங்கை கூட்டிக்கொண்டு போறாய்?" என்று கேட்பார்கள். சென்னையிலிருந்து வரும் சிநேகிதிகளும் அதையேதான் கேட்பார்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். இடங்களை எழுதி வைப்பதற்கு முன்னால் கதவுகள் திறக்கும் நேரத்தையும் பூட்டும் நேரத்தையும் பாருங்கள். கொழும்பில் பார்க்க வேண்டியவற்றில் பாதி கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரைதான். கோயில் நடை மத்தியானம் சாத்தினால் பின்னேரம்தான் திறக்கும். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் சுற்றிப் பார்க்கப் போக முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருப்பதால் அன்று மத்தியானத்தை மறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் முக்கால்வாசிக் கடைகள் பூட்டு. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் கங்காராமை விகாரையில் காலடி வைக்க இடமிருக்காது, இறைச்சிக் கடைகளும் திறக்காது. கலண்டரில் முழுநிலா என்றைக்கு என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

எனக்குப் பிடித்த கணக்கு: சனிக்கிழமை புறக்கோட்டையும் கொச்சிக்கடையும், ஞாயிற்றுக்கிழமை கோட்டையும் நூதனசாலையும் (அருங்காட்சியகம்) கடற்கரையும். மாதம் என்று கேட்டால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மழையோடு கடல் கொந்தளிப்பும் அப்போது அதிகம்.

தங்குவதற்கு வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி. இங்கே ஆட்கள் "கொழும்பு ஆறு", "கொழும்பு நாலு" என்று தபால் இலக்கத்தைச் சொல்லித்தான் இடம் காட்டுவார்கள். வெள்ளவத்தை ஆறு, பம்பலப்பிட்டி நாலு, கோட்டை ஒன்று, புறக்கோட்டை பதினொன்று, கொட்டாஞ்சேனை பதின்மூன்று. இந்த ஐந்தையும் நினைவில் வைத்திருந்தால் ஓட்டோக்காரரிடம் பேசுவது எளிது. யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் விடியற்காலையில் வெள்ளவத்தையிலேயே இறக்கிவிடும். கட்டுநாயக்காவில் இறங்குபவர்கள் 187 பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து காலி வீதி வழியாகப் போகும் 100 அல்லது 101இல் ஏறலாம். ஓட்டோ என்றால் பிக்மீ செயலியிலோ ஊபரிலோ பதிவு செய்யுங்கள். தெருவில் மறித்து ஏறினால், ஏறும் முன்பே "மீட்டர் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமைக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போங்கள். பாதை கடலை ஒட்டியே போகிறது. கோட்டைப் பக்கம் போகும்போது இடது கைப் பக்கம் கடல், அந்த ஜன்னலைப் பிடியுங்கள். கோட்டை ஸ்டேசனில் இறங்கி ஓட்டோ பிடித்து, நேராகக் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில். ஏழு, ஏழரைக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே இறங்கி நடந்து வருவதுதான் திட்டம். மறுபக்கமாக, புறக்கோட்டையில் தொடங்கினால் கொச்சிக்கடைக்கு வரும்போது நடை சாத்தியிருக்கும்.

1856இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில் இது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதையும் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். உள்ளே போனதும் வெயில் அணைந்துவிடும். தூண்களுக்கு நடுவே விளக்கு வெளிச்சம் மட்டும்தான். கண் பழகச் சற்று நேரம் எடுக்கும், அவசரப்படாமல் ஒரு தூணடியில் நில்லுங்கள். பிறகு தூணிலுள்ள சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். சுவரைக் கையால் தொட்டால் காலை நேரத்தில் ஈரம் போலக் குளிரும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டியோ நீளக் காற்சட்டையோ சரி.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். பொன்னம்பலவாணேசரைக் கும்பிட்டுவிட்டு, திருநீறோடு வந்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிற சைவப் பெண்களை இங்கே நிறையப் பார்க்கலாம். சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் வருகிற இடம். செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். ஜூன் 13 திருவிழா. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்துப் பலர் உயிர் விட்டதும் இங்கேதான். கும்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்காதீர்கள். அவர்களில் யார் யாரை இழந்தவர் என்று நமக்குத் தெரியாது.

அப்புறம் செட்டியார் தெருவுக்கு இறங்குங்கள். இரண்டு பக்கமும் நகைக்கடைகள், நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் தேர் இந்தத் தெருவிலிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். ஆடி மாதத்தில் வர முடிந்தால் அந்த நாளைப் பார்த்து வாருங்கள். நகை வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், இன்றைக்கு வேண்டாம்.

செட்டியார் தெருவிலிருந்து மேட்டில் ஏறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. கொழும்புக்கு வருகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் கீழே பாருங்கள். நீங்கள் நடப்பதே கல்லறைக் கற்களின் மேல்தான். கோட்டைக்குள்ளிருந்த பழைய தேவாலயத்தில் புதைக்கப்பட்ட ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். கற்களில் குடும்பச் சின்னங்களும் எழுத்துகளும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. காவலாளி ஐயாவிடம் கேட்டால் காட்டுவார். உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள், பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.

பதினொரு மணிக்குள் இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு வந்துவிட வேண்டும். நடக்கும்போது கடைகளையும் கவனியுங்கள். புறக்கோட்டையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. கேபோஸ் லேனில் நாட்டு மருந்துச் சரக்கு: சுக்கும் வேரும் பட்டையுமாக மூக்கிலேயே வழி தெரியும். நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, வெங்காயம் மொத்த வியாபாரம். அங்கே வண்டில் இழுக்கும் நாட்டாமிகள் குரல் கொடுத்தால் உடனே ஒதுங்குங்கள், சுமையோடு வருகிறவரால் சட்டென்று நிறுத்த முடியாது.

இரண்டாம் குறுக்குத் தெருவிலிருக்கும், சிவப்புப் பள்ளி என்று எல்லோரும் சொல்லும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. சம்மாங்கோட்டார் எனப்படும் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி ஓடும் சுவர், மாதுளம்பழ வடிவில் மாடங்கள். படம் எடுக்க எதிர்ப்பக்கத் தெரு ஓரம்தான் சரி, கிட்டப் போனால் முழுதாகப் பிடிபடாது. வாசலில் "நானா, உள்ளே பார்க்கலாமா?" என்று கேளுங்கள். லுஹர் எனப்படும் மத்தியானத் தொழுகைக்கு முன்பென்றால் பெரும்பாலும் விடுவார்கள். பெண்கள் தலையை மூடச் சால்வை கொண்டு போங்கள்.

இதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் வைக்காதீர்கள். புறக்கோட்டைச் சைவக் கடையொன்றில் சாப்பிட்டு, ஒரு பலூடா குடித்து, கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தபடி ஸ்டேசனுக்கு நடங்கள். பார்சிக் குடும்பமொன்று தங்கள் தகப்பனார் நினைவாக 1923இல் கட்டிய கோபுரம் அது. வெயிலில் அலைந்த கால்களுக்குப் பின்னேரம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை கோட்டை. வேலை நாளில் வாகனம் நெரியும் தெருக்கள் அன்று காலியாகக் கிடக்கும். மதில் தேட வேண்டாம், ஆங்கிலேயர் 1870 வாக்கில் இடித்துவிட்டார்கள். சதாம் தெருவில் 1857இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது, பிறகு அதன் உச்சியில் கப்பல்களுக்கான வெளிச்ச விளக்கும் வைத்தார்கள். 1906இன் சிவப்புக் கார்கில்ஸ் கட்டடம், 1681 அளவிலேயே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலை: இவ்வளவையும் ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். பொலிஸ் மறிக்கிற தெருவில் வாதாடாமல் திரும்புங்கள்.

ஒன்பது மணிக்கு நூதனசாலை திறக்கும். 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரி தொடங்கியது. கண்டி அரசரின் சிம்மாசனம் இருக்கிறது, எல்லோரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். நீங்கள் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் போங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், 1409 என்று திகதியிட்டது. 1911இல் காலி நகரில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிலிருந்த தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. சாவகச்சேரியிலிருந்து வந்த என் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, குனிந்து, தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் நின்ற சிங்களப் பள்ளிப் பிள்ளைகள் இருவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவர் விளக்கினார். இந்த ஊரைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. அரை மணித்தியாலமாவது அதற்குக் கொடுங்கள்.

மத்தியானம் கங்காராமை. பேரை வாவிக்குள் மிதப்பது போலிருக்கும் சீமா மாலகய மண்டபம் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கல் தரை சுடும் என்பதால் காலுறை வைத்திருங்கள். செருப்பு, சட்டென்று கழற்றக்கூடியதாக இருக்கட்டும், இரண்டு நாளும் அதுதான் உங்கள் முக்கிய வேலை. பக்கத்துக் கொம்பனித்தெருவில் மலாய் மக்களின் வேகந்தைப் பள்ளிவாசலும் முருகன் கோயிலும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. நேரமிருந்தால் போங்கள்.

ஐந்து மணிக்குக் காலி முகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். 2022இல் அரகலய என்ற மக்கள் போராட்டம் நடந்ததும், அந்த மே 18இல், போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சியை எல்லோருமாகப் பகிர்ந்து குடித்ததும் இந்தத் திடலில்தான். இறால் வடை சாப்பிடுவதானால் கூட்டம் நிற்கிற வண்டிலில், உங்கள் கண் முன்னே திரும்பப் பொரித்துத் தரச் சொல்லி வாங்குங்கள். வெங்காயமும் மிளகாயும் போட்டு வெட்டித் தருவார்கள், உறைப்புத் தாங்காதவர்கள் முதலே சொல்லிவிடுங்கள்.

சூரியன் ஆறு, ஆறரைக்குள் இறங்கிவிடும். இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் சீட்டை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், ஞாயிறு இரவு கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். அவர்கள் ஆறே முக்காலுக்கே எழும்பி, காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் போகிற 100இலோ 101இலோ ஏறட்டும்.