ஆறு மீட்டரில் ஒரு ஆன்டெனா

7 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்கு நிமிர்ந்த ஆன்டெனா ஒன்று வேண்டியிருந்தது; அதன் இயல்பான உயரமான கால் அலைநீளம் ஏறத்தாழ 10.7 மீட்டர். என்னால் நிறுத்த முடிந்ததோ 6 மீட்டர் கம்பம். குறைந்த நீளத்தை ஈடுகட்ட, முதலில் அடியில் காயில் (கம்பிச் சுருள்) சுற்றினேன். அந்த ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை, சுமார் 10 ஓம்தான். ஆற்றலில் பெரும்பகுதி காயிலிலும் மண்ணிலும் சூடாகப் போனது.

காயிலைக் கழற்றிவிட்டு, உச்சியில் நான்கு கம்பிகளைக் குடைக்கம்பிபோல் விரித்தேன். அவற்றைச் சாய்வாகத் தொங்கவிட்டால் பயன் குறையும். கூடியவரை கிடையாகவே இழுத்துக் கட்டினேன். ஆன்டெனா 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்திசையும்வரை நான்கையும் சமமாக, விரல் அகலம் விரல் அகலமாக வெட்டினேன். கதிர்வீச்சுத் தடை 24 ஓம் அளவுக்கு உயர்ந்தது.

தரையில், அடியிலிருந்து ஆரம்போல் விரியும் ரேடியல் கம்பிகள் நான்கு இருந்தபோது, அளவுக்கருவி மொத்தத் தடையை 50 ஓம் என்று காட்டியது; கேபிளுக்குப் பொருந்தும் அளவு அதுதான். மகிழ்ந்துபோனேன், அசடு! பாதிக்குமேல் மண்ணின் இழப்பு அது. ரேடியல்களைப் பதினாறாக்கியதும் 30 ஓமாக இறங்கியது. எஸ்டபிள்யூஆர் (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு) கெட்டது, சிக்னல் கூடியது. அடியில் கேபிள் சேரும் இடத்துக்கும் ரேடியல்களுக்கும் இடையே ஒரு சிறு காயிலை இணைத்து, உச்சிக் கம்பிகளைச் சற்றுக் குறைத்ததும் எஸ்டபிள்யூஆரும் சரியாகிவிட்டது.