இலக்கு வகுக்கும் முன் ‘வேண்டும்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

விருப்பத்தையும் கட்டாயத்தையும் தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்பது ஆசை. ‘நான் தேர்வு எழுத வேண்டும்’ என்பது பெரும்பாலும் கடமை. சொந்த இலக்குகளை வகுக்கும்போது இவ்விரண்டும் கலந்துவிடுவதால், மனத்தில் இருப்பவற்றையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் ‘வேண்டும்’ என்பதை நீக்கி, ‘எனக்கு ஆசை’ என்று முடியும்படி மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தயங்கும் வரிகளில் ஒரு குறியிடுங்கள்.

குறியிட்டவற்றை உடனே அடித்துவிட வேண்டாம். சலிப்பூட்டும் வேலைகள் எல்லாம் கட்டாயத்தால் வந்தவை என்று கொள்ள முடியாது. ஒரு மொழியை விரும்பிக் கற்பவருக்கும் அதன் இலக்கண வாய்பாடுகளை மனப்பாடம் செய்வது அலுப்பாகவே இருக்கும். ஊக்கத்தைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய உளவியலாளர்கள், பயனை உணர்ந்து மனமொப்பிச் செய்வதைத் தன்விருப்பத்தின் பக்கமே வைக்கின்றனர். குற்ற உணர்வுக்கு அஞ்சிச் செய்வதை அவர்கள் அப்படிக் கருதுவதில்லை. இதைக் கண்டுகொள்வதுதான் கடினம், ஏனெனில் என்றோ பிறர் சொன்னது இப்போது நம் சொந்தக் குரலிலேயே உள்ளே ஒலிக்கிறது.

ஆகவே ‘இதை யார் சொன்னார்கள்?’ என்று கேட்பதைவிட, ‘இதை நான் அடைந்தது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்றாலும் செய்வேனா?’ என்று கேட்பது நல்லது. ‘ஆம்’ என்று விடை வந்தால், முடிவை மறந்துவிட்டு அன்றாட வேலையைக் கற்பனை செய்து பாருங்கள். நூல் எழுத ஆசைப்படுபவர், அது வெளியாகும் நாளை விட்டுவிட்டு, ஒரே பக்கத்தை மூன்றாம் முறையாகத் திருத்தும் பிற்பகலை நினைத்துப் பார்க்கலாம். என் பட்டியல்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த இடத்திலேயே உதிர்ந்திருக்கின்றன.

உளவியலாளர்களான கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தம் ஈடுபாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் இசைந்த இலக்குகளை மேற்கொண்டவர்கள் அவற்றுக்காகத் தொடர்ந்து முயன்றனர் என்பதும், எட்டியபோது கூடுதல் மனநிறைவு பெற்றனர் என்பதும் தெரியவந்தன.

அத்தகைய இலக்குகளுக்கு உங்களுக்கு நீங்களே பரிசு அறிவித்துக்கொள்ளாதீர்கள். 1971-இல் டெசி நடத்திய சோதனையில், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அவற்றில் செலவிட்ட நேரம் குறைந்தது.

வரி செலுத்துவது போன்ற தவிர்க்க முடியாத கடமைகளை நாளும் நேரமும் குறித்து வேறொரு தாளுக்கு மாற்றிவிடுங்கள். முதல் தாளில் இரண்டு மூன்று வரிகள் மிஞ்சினாலே போதும். அவற்றுள் ஒன்றின் கீழ், நாளைக்கே செய்யக்கூடிய மிகச் சிறிய செயலை எழுதுங்கள்.