தாய்ப்பாலை மறக்கடிக்கும்போது செய்யக்கூடாதவை

"இன்னுமா பால் கொடுக்கிறாய்?" இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல அம்மாக்கள் அவசரமாக நிறுத்திவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரை, விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குப் பிறகு பாலில் சத்தே இருக்காது என்பது வெறும் பேச்சு. அதேபோல, உங்களுக்கே முடியவில்லை, போதும் என்று தோன்றினால் அதுவும் நியாயமான காரணம்தான். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் தானாகவே பாலை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான மருந்துகளோடு பால் கொடுக்கலாம். டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒரே நாளில் நிறுத்துவது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குடிப்பது திடீரென நின்றால் சுரப்பு உடனே நிற்காது. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். ஹார்மோன்கள் சட்டென்று குறைவதால் காரணமில்லாமல் அழுகை வரலாம். இந்த அழுகை நாட்கணக்கில் நீடித்தால் சும்மா விடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அதனால் படிப்படியாக நிறுத்துங்கள். குழந்தை அதிகம் தேடாத பகல் வேளை ஒன்றை முதலில் விடுங்கள். சில நாட்கள் அல்லது ஒரு வாரம் கழித்து அடுத்தது. தூங்கப்போகும்போது குடிக்கும் பால் கடைசியில் போகட்டும். மார்பு வலித்தால் பாரம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். முழுக்க எடுத்தால் மறுபடி சுரக்கும். துணியால் இறுக்கிக் கட்டவே கூடாது. ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

மார்பில் கசப்பு தடவிக் குழந்தையை விரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதுவரை ஆறுதல் தந்த இடம் ஏன் இப்படி ஆனது என்று அதற்குப் புரியாது. வழக்கமாகப் பால் கொடுக்கும் நாற்காலியில் உட்காராமல் இருங்கள். கேட்கும் நேரத்துக்குச் சற்று முன்பே சாப்பிட ஏதாவதும் தண்ணீரும் கொடுத்து, வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். இரவில் சில நாட்கள் அப்பா தூங்க வைக்கட்டும். நீங்களாகக் கொடுக்காதீர்கள், கேட்டால் மறுக்காதீர்கள். நாளாகும், ஆனால் அழுகை குறையும். பால் குறையும்போது மடியையும் சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள். முன்பைவிட அதிகமாகவே அணைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், புது வீடு, புதிதாகக் காப்பகம் என்று குழந்தை தடுமாறும் நேரத்தில் தொடங்காதீர்கள். ஒரு வயதுக்குள் திடீரென்று குடிக்க மறுத்தால், 'தானே மறந்துவிட்டது' என்று நினைக்க வேண்டாம். மூக்கடைப்போ காதுவலியோ வாய்ப்புண்ணோ இருக்கலாம்.

பாலுக்குப் பதில் பாட்டிலைப் பழக்கினால், அடுத்து அதை மறக்கடிக்க வேண்டிவரும். இரவெல்லாம் வாயில் பாட்டில் இருந்தால் பல்லும் சொத்தையாகும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு டம்ளரிலேயே கொடுங்கள். பசும்பால் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் போனால் சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும்.

பாதியில் குழந்தை மிகவும் ஏங்கினால், விட்ட வேளையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி தொடங்குங்கள்.