காலை வெளுத்தால் மாலை இடிக்கும்: மலையகத்தில் மழை நேரம் பார்ப்பதில் வரும் தவறுகள்

மார்ச் பிறந்தால் நுவரெலியாப் பக்கம் புதிதாக மரக்கறி செய்ய வந்தவர்கள் மழை நேரம் பார்ப்பதில் ஒரே பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மின்னலுக்கு மரத்தடியில் ஒதுங்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

"வானம் பளிச்சென்று இருக்கு, மழை வராது"

எரிச்சலூட்டுவது இதுதான். காலையில் நல்ல வெயில் என்று 11 மணிக்கு ஆறுதலாக டாங்கியைத் தோளில் மாட்டி உருளைக்கிழங்குக்குப் பூஞ்சண மருந்து அடிக்கிறார்கள். இலை காய்வதற்குள் இடியோடு கொட்டுகிறது. மருந்தும் கூலியும் கானோடு போய்விடும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அந்த வெயில்தான் இடியின் விறகு. வெயில் பட்ட சரிவில் காற்று சூடாகிறது. அதே உயரத்தில் பள்ளத்தாக்குக்கு மேல் அந்தரத்தில் நிற்கும் காற்று அவ்வளவு சூடாவதில்லை. அதனால் சரிவுக் காற்று பள்ளத்தின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு மேலேறுகிறது. பருவக்காற்று ஓய்ந்த மாதங்கள் என்பதால் அந்த ஏற்றத்தைக் கலைக்கப் பலத்த காற்றும் இல்லை. காலையில் மூட்டம் போட்டிருந்தால் இடி பிந்தும், சிலவேளை வராமலும் போகும்.

10 மணிக்கு மலை முகட்டைப் பாருங்கள். அடி தட்டையாக, தலை பூக்கோவாபோலத் திரண்ட முகில் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால் வேலையைச் சுருக்குங்கள். அந்தப் பூவின் விளிம்பு கலைந்து நார் நாராகத் தெரிந்தால் உச்சியில் பனிக்கட்டி கட்டிவிட்டது. மின்னலுக்கு அதிக நேரமில்லை. இந்த மாதங்களில் மருந்தடிப்பை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நுவரெலியாவில் கேட்டு வெலிமடையில் செய்வது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை நுவரெலியாப் பக்கமுள்ள மேற்குச் சரிவில் இரவு பகல் பாராமல் பெய்யும், இடி குறைவு. அதே நாளில் முகட்டுக்கு அப்பால் வெலிமடை இருக்கும் ஊவாவில் வரண்ட காற்றும் வெயிலும் இருக்கும், பிற்பகலில் இடியும் வரலாம்.

இடி என்றால் பிற்பகல் என்பது

எல்லா ஊருக்கும் பொருந்தாது. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியைச் சுற்றி மலைகள்தான். ஆனால் அங்கே இரவில் மலைக்காற்று இறங்கி வெதுவெதுப்பான நீர்மேல் ஈரக்காற்றைத் தூக்குகிறது, மின்னலும் இரவில்தான்.

மழை விட்டதும் இறங்குவது

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் பொறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 செக்கன் என்றால் ஏறத்தாழ 1 கிலோமீற்றர்; 30 செக்கனுக்குள் கேட்டால் உடனே வீட்டுக்குள் போக வேண்டும். நாலு தூணும் தகரமும் மட்டுமுள்ள மரக்கறிக் கொட்டில் மழைக்குத்தான் ஒதுங்கும் இடம், மின்னலுக்கு அல்ல.