மைக்ரோசாஃப்ட் ஃபேப்ரிக்: ஒரு கடை கணக்கை ஏத்திப் பார்த்து கத்துக்கலாம் வாங்க

பவர் பிஐ (டேட்டாவை ரிப்போர்ட்டா காட்டற மைக்ரோசாஃப்ட் டூல்) மட்டும் தெரிஞ்சவங்க ஃபேப்ரிக்கை முதல்தடவை திறந்தா கல்யாண வீட்டு சமையல்கட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும், எந்த அண்டா எதுக்குன்னே புரியாது. லேக்ஹவுஸ்ங்கிறான், வேர்ஹவுஸ்ங்கிறான், டேட்டாஃப்ளோ, பைப்லைன், நோட்புக்னு வரிசையா ஐகான். பயப்படாதீங்க, இன்னைக்கு நாலு அண்டாவை மட்டும் தொடப்போறோம்.

முன்கதை சுருக்கமா. டேட்டாவை இழுத்துட்டு வர டேட்டா ஃபேக்டரி, பெரிய டேட்டாவுக்கு சினாப்ஸ், ரிப்போர்ட்டுக்கு பவர் பிஐன்னு எல்லாம் தனித்தனியா இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி பில், ஒவ்வொண்ணுக்கும் டேட்டாவோட தனி காப்பி. 2023 மே மாசம் பில்டு மாநாட்டுல இதையெல்லாம் ஃபேப்ரிக்ங்கிற ஒரே கூரைக்குள்ள கொண்டுவர்றோம்னு மைக்ரோசாஃப்ட் அறிவிச்சாங்க, அதே வருஷம் நவம்பர்ல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. மெனு ஒண்ணாச்சுங்கிறது பெரிய விஷயமே இல்ல. அடியில ஒன்லேக்னு ஒரே ஒரு சேமிப்பு இடம் இருக்கு, டேபிள் எல்லாம் டெல்டா பார்க்கேங்கிற ஒரே ஃபார்மட்ல அங்க உக்காந்திருக்கும், எஸ்க்யூஎல்லும் (டேபிள்கிட்ட கேள்வி கேக்கற மொழி) பைத்தானும் பவர் பிஐயும் அதே ஃபைலைத்தான் படிக்கும். இது நிஜமான்னு நம்மளே சோதிச்சு பார்க்கறதுதான் இந்த பாடம்.

படி 1: உள்ள போறது

ஜிமெயில் ஐடி வேலைக்கு ஆகாது. ஆபீஸ் ஐடியோ காலேஜ் ஐடியோ வேணும். லாகின் பண்ணி வலது மேல் மூலையில உங்க படத்தை தட்டினா ட்ரையல் ஆரம்பிக்கிற பட்டன் இருக்கும், 60 நாள் ஓசி. பட்டனே காணோம்னா உங்க அட்மின் பூட்டி வச்சிருக்கார்னு அர்த்தம், அவர்கிட்டதான் கேக்கணும். அப்புறம் புதுசா ஒரு வொர்க்ஸ்பேஸ் (நம்ம வேலையெல்லாம் வைக்கிற அறை) உருவாக்கி, லைசன்ஸ் இடத்துல ட்ரையலை தேர்ந்தெடுங்க. இதை விட்டுட்டா பின்னாடி லேக்ஹவுஸ் உருவாக்க விடாது.

படி 2: லேக்ஹவுஸ்

நியூ ஐட்டம் போய் லேக்ஹவுஸ் (ஃபைலையும் டேபிளையும் சேர்த்து வைக்கிற இடம்) ஒண்ணு போடுங்க. உள்ள ரெண்டு ஃபோல்டர் தெரியும், டேபிள்ஸ், ஃபைல்ஸ். ஃபைல்ஸ்ங்கிறது வீட்டு பரண் மாதிரி, என்ன வேணா போடலாம். டேபிள்ஸ் அப்படி இல்ல, ஒழுங்கா வடிவம் உள்ளது மட்டும்தான்.

பரண்ல ஒரு சிஎஸ்வி (கமா போட்டு பிரிச்ச சாதா ஃபைல்) ஏத்துங்க. தேதி, பொருள், எண்ணிக்கை, தொகைன்னு நாலு காலம் (column) உள்ள விற்பனை கணக்கு போதும், எக்செல்ல நீங்களே 300 வரி தட்டிக்கலாம். தலைப்பை ஆங்கில எழுத்துலயே வைங்க, இடைவெளிக்கு பதில் அண்டர்ஸ்கோர். நமக்கு தமிழ்ல வைக்கத்தான் ஆசை, ஆனா டேபிள் பேருக்கு ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் தவிர வேற எதையும் ஏத்துக்காது, காலம் பேர்ல இடைவெளியும் அடைப்புக்குறியும் வந்தா பின்னாடி தகராறு பண்ணும்.

படி 3: சுத்தம் பண்றது (இங்கதான் நிதானம் வேணும்)

ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி லோட் டு டேபிள்ஸ் கொடுத்தா ஒரு நிமிஷத்துல டேபிள் ஆயிடும், நிறைய வீடியோல அதைத்தான் காட்டுவாங்க. நான் வேணாம்னு சொல்றேன். காரணம் நம்ம ஊரு தேதி.

ஒருதடவை பவர் பிஐ டெஸ்க்டாப்ல ஒரு கணக்கை ஏத்தினேன், லேப்டாப்ல ரீஜன் அமெரிக்காவுல இருந்தது, அதை நான் கவனிக்கல. மாசம் 1ஆம் தேதியில இருந்து வரிசையா இருந்த ஃபைல், முதல் 200 வரியை பார்த்துட்டு அது தானா தேதின்னு முடிவு பண்ணிடுச்சு, 05-06 எல்லாம் ஜூன் 5க்கு பதில் மே 6 ஆகி ஒரு சத்தமும் இல்லாம உக்காந்துகிச்சு, 12ஆம் தேதிக்கு மேல வந்ததெல்லாம் எர்ரர் ஆகி காலியா போச்சு. ரிப்போர்ட் பார்க்க ஜம்முனு இருந்தது, கணக்கு மட்டும் தப்பு. ரெண்டு நாள் தலையை பிச்சுக்கிட்டேன்.

அதனால டேட்டாஃப்ளோ ஜென் 2 (டேட்டாவை சுத்தம் பண்ணி டேபிள்ல போடற கருவி) வழியா போலாம். லேக்ஹவுஸ் பக்கத்துலயே கெட் டேட்டா போய் புது டேட்டாஃப்ளோ திறங்க, நீங்க எக்செல்ல பார்த்த அதே பவர் க்வெரிதான். ஒன்லேக்ல உங்க லேக்ஹவுஸை தேடி, ஃபைல்ஸ் உள்ள இருக்கற சிஎஸ்வியை எடுங்க. வலது பக்கம் ஸ்டெப் பட்டியல்ல சேஞ்ட் டைப்னு அதுவா ஒண்ணு போட்டிருந்தா முதல்ல அதை அழிங்க. இப்ப தேதி காலத்தை தேர்ந்தெடுத்து சேஞ்ச் டைப், அதுல யூசிங் லொகேல் (எந்த ஊரு வழக்கப்படி படிக்கணும்னு சொல்றது), டேட், இங்கிலீஷ் இந்தியா. தொகைக்கும் இதே மாதிரிதான், 1,25,000னு கமா போட்ட லட்சக் கணக்கு டெக்ஸ்டா போய் உக்காராம நம்பரா வரணும், இல்லன்னா பின்னாடி கூட்டவே முடியாது.

கீழ டெஸ்டினேஷன்ல உங்க லேக்ஹவுஸ் இருக்கான்னு பாருங்க. அப்டேட் முறை ரெண்டு இருக்கும், அப்பெண்ட், ரீப்ளேஸ். ரீப்ளேஸ் வைங்க. அப்பெண்ட்ல விட்டா ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதே 300 வரி மறுபடி சேரும், மூணே நாள்ல கடை கோடீஸ்வரக் கடை ஆயிடும். அப்புறம் சேவ் அண்ட் ரன், சிலருக்கு பப்ளிஷ்னு இருக்கும்.

படி 4: ஒரே கணக்கை மூணு பக்கத்துல இருந்து பார்க்கறது

முதல்ல எக்செல்லயே மொத்த தொகையை கூட்டி ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. எனக்கு இது பழக்கமாவே போச்சு.

லேக்ஹவுஸ் பக்கத்துல மேல மோட் மாத்தற இடத்துல எஸ்க்யூஎல் அனலிட்டிக்ஸ் எண்ட்பாயிண்ட் (அதே டேபிளை எஸ்க்யூஎல் வழியா பார்க்கற ஜன்னல்) போங்க. எஸ்க்யூஎல் தெரியலன்னா பரவால்ல, விஷுவல் க்வெரின்னு இருக்கும், டேபிளை இழுத்து போட்டு குரூப் பை கொடுத்து தொகையை கூட்டலாம். இங்க படிக்க மட்டும்தான் முடியும், டேபிள்ல எதையும் மாத்த முடியாது. டேபிள் இங்க உடனே தெரியலன்னா மறுபடி ஏத்தாதீங்க, ரெண்டு பக்கமும் ஒத்துப்போக கொஞ்ச நேரம் எடுக்கும், ரிஃப்ரெஷ் தட்டுங்க.

அடுத்து நியூ செமான்டிக் மாடல் (டேபிளுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவுல நிக்கற அடுக்கு) கொடுத்து டேபிளை டிக் பண்ணுங்க. பழைய வீடியோல இது தானா உருவாகும்பாங்க, இப்ப நாமதான் உருவாக்கணும். அதுல இருந்து ஒரு ரிப்போர்ட், ஒரே ஒரு கார்டு (ஒரு எண்ணை மட்டும் பெருசா காட்டற கட்டம்), தொகையோட கூட்டல். பேப்பர், எஸ்க்யூஎல், ரிப்போர்ட்னு மூணு இடத்துலயும் ஒரே எண் வருதா?

இப்ப வேடிக்கை. சிஎஸ்வியில ஒரு வரி தொகையை மாத்தி அதே பேர்ல மறுபடி ஏத்துங்க, டேட்டாஃப்ளோவை ஓட்டுங்க. எஸ்க்யூஎல்லும் மாறும், ரிப்போர்ட் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணா கார்டும் மாறும், நடுவுல நீங்க எதையும் பவர் பிஐக்குள்ள இம்போர்ட் பண்ணல. டைரக்ட் லேக்னு சொல்றது இதைத்தான். இதுக்கு ஒரு விலை உண்டு, லேக்ஹவுஸ் டேபிள் மேல கால்குலேட்டட் காலம் (ஃபார்முலா எழுதி உருவாக்கற புது காலம்) போட விடாது, அதனாலதான் சுத்தம் எல்லாம் படி 3லயே முடிக்க சொன்னேன்.

படி 5: ஏஐ எங்கப்பா?

கோபைலட் (மைக்ரோசாஃப்டோட ஏஐ உதவியாளர்) ட்ரையல்ல வராது. இதை முன்னாடியே சொன்னா பாதிப் பேர் ஓடிடுவீங்கன்னு கடைசியில வச்சேன். காசு கட்டற கெபாசிட்டி (ஃபேப்ரிக்கை ஓட்ட வாங்கற கம்ப்யூட்டர் பலம்) வேணும், முன்னாடி எஃப்64ங்கிற பெரிய அளவு வாங்கினாத்தான்னு இருந்தது, 2025 ஏப்ரல் 30ல இருந்து ஆகச் சின்ன எஃப்2லயே கிடைக்குது. அட்மின் செட்டிங்க்லயும் திறந்திருக்கணும். எஃப்2வை வேலை இல்லாதப்ப தற்காலிகமா நிறுத்தி வைக்கலாம், ஆனா அந்த நேரத்துல டேட்டாவை தொட முடியாது, சேமிப்புக்கு உண்டான காசும் ஓடிட்டுதான் இருக்கும்.

அதுவரைக்கும் ட்ரையல்லயே செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. கோபைலட்டும் நீங்க உருவாக்கின அதே மாடலைத்தான் பார்க்கும், அதுக்கு உங்க கடை தெரியாது. காலம் பேர் ஏஎம்டி2ன்னு இருந்தா அது டாக்ஸோட சேர்ந்த தொகையா டாக்ஸ் இல்லாததான்னு குத்துமதிப்பா அடிக்கும், தைரியமா வேற சொல்லும். மாடல்ல ஒவ்வொரு காலத்துக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதுங்க, கூட்டலை ஒரு மெஷரா (மாடல்ல சேமிச்சு வைக்கிற கணக்கு ஃபார்முலா) எழுதி ஒழுங்கா பேர் வைங்க, தேவையில்லாத காலத்தை மறைச்சிடுங்க. கோபைலட் கையில வந்ததும் முதல் கேள்வியா மொத்த விற்பனை எவ்வளவுன்னு கேட்டு, அந்த பேப்பர்ல இருக்கற எண்ணோட ஒப்பிட்டு பாருங்க.

ஆங், 60 நாள் முடியறதுக்கு முன்னாடி காலண்டர்ல ஒரு ரிமைண்டர் போடுங்க. வொர்க்ஸ்பேஸை காசு கட்டின கெபாசிட்டிக்கு மாத்தலன்னா லேக்ஹவுஸ், டேட்டாஃப்ளோ எல்லாத்தையும் தூக்கிடுவாங்க.