சோப்பு மாற்றியும் போகாத படை: கடைசியில் சிக்கியது அரைஞாண் கயிறு

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஏற்காட்டு மழைக்காலத்தில் இடுப்பைச் சுற்றி வட்ட வட்டமாகப் படை. ஓரம் சிவந்து தடித்திருக்கும், நடுவில் தோல் தெளிவாக இருக்கும். ராத்திரியெல்லாம் சொறிவார்.

முதலில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு. ரெண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிடப் பரவியது. அதில் அரிப்பை அடக்கினாலும் பூஞ்சையைப் பரவவிடும் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அடுத்து கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துள்ள சோப்பு. உடம்பு முழுக்கத் தேய்த்ததில் கால் தோல் வறண்டு வெடித்ததுதான் மிச்சம்.

சேலத்தில் தோல் மருத்துவர் பார்த்ததுமே கேட்டது, "கயிற்றை மாற்றி எவ்வளவு நாளாச்சு?" அரைஞாண் கயிறு! தொட்டுப் பார்த்தால் குளித்து மணிக்கணக்கான பிறகும் ஈரம். படையும் அந்தக் கயிற்றின் தடத்திலேயே ஓடியிருந்தது. பூஞ்சை அதில் தங்கி, ஆறிய தோலில் மறுபடி ஒட்டுகிறதாம்.

அறுக்க அப்பா சம்மதிக்கவில்லை. செத்தால்தான் அறுப்பார்கள் என்றார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி அரைஞாண் கொடி வாங்கித் தந்த பிறகே இறங்கி வந்தார். படை ஆறும்வரை அதுவும் பெட்டியில்தான்.

அப்புறம், சோப்பு நுரையைப் படை உள்ள இடத்தில் மட்டும் சில நிமிடம் விட்டுக் கழுவி, மடிப்புகளைத் தனித்துண்டால் ஒற்றிக் காயவைத்து, மருத்துவர் தந்த ஸ்டீராய்டு இல்லாத களிம்பு. கை, காலுக்குத் தேங்காய் எண்ணெய். பனியில் காயாத வேட்டியை இஸ்திரி போட்டே கொடுத்தோம். படை மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை களிம்பை நிறுத்தவில்லை. இப்போது அப்பா நன்றாகத் தூங்குகிறார்.